கிளினிக்ல கிளவுஸ், ஸ்பிரிட், ஹைப்போ, சலைன்: ஸ்டாக் பாத்துக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

பெட் இல்லாத சின்ன ஓபி கிளினிக்குகளுக்காக எழுதுனது இது. ஒண்ணு ரெண்டு டாக்டர், ரெண்டு மூணு சிஸ்டர், ஒரு ஆயாம்மா, ஒரு இன்ஜெக்ஷன் ரூம், ஒரு டிரெஸ்ஸிங் ரூம், மாடிப்படிக்கு கீழ ஒரு பீரோ, அதான் ஸ்டோர். பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னு ஒரு கமிட்டியே இருக்கும், இங்க யாரு சாவி வெச்சிருக்காங்களோ அவங்கதான் கமிட்டி. நானும் அப்படி ஒரு சாவிக்காரிதான், வருஷக்கணக்கா. புதுசா பொறுப்புக்கு வர்ற பொண்ணுங்க திரும்பத் திரும்ப கேக்குறதை சேத்து வெச்சிருக்கேன்.

பீரோவுல கண்டிப்பா என்னென்ன இருக்கணும்?

கைக்கு: சோப்பு, ஹேண்ட் ரப் (ஆல்கஹால் சானிடைசர்), கை துடைக்க பேப்பர் டவல். ஒரே துண்டை ஆணியில மாட்டி நாள் முழுக்க எல்லாரும் துடைக்கிற பழக்கத்தை முதல்ல நிறுத்துங்க. ஊசிக்கு: சிரிஞ்சு, நீடில், ஸ்பிரிட் ஸ்வாப், பயன்படுத்துன நீடிலை தூக்கிப் போடுற வெள்ளை டப்பா. கட்டுக்கு: ஸ்டெரைல் (கிருமி நீக்குன) காஸ் துணி, பேண்டேஜ், சின்ன சலைன் பாட்டில், பொவிடோன் அயோடின், ஸ்டெரைல் கிளவுஸ். அப்புறம் சாதா எக்ஸாமினேஷன் கிளவுஸ், மாஸ்க், ஹைப்போ (ரத்தம் கொட்டுன இடத்தை சுத்தம் பண்ற குளோரின் மருந்து), ஆட்டோகிளேவ் (கருவியை நீராவியில கிருமி நீக்குற மெஷின்) டேப், கலர் கலரா குப்பை பை. கண்ணாடியும் ஏப்ரனும் ரெண்டு செட் போதும், ஆனா சீழ் பீச்சி அடிக்கிற கட்டியை கீறும்போது அது பீரோவுக்குள்ள பூட்டி இருந்தா இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்த லிஸ்ட்டை மூணா பிரிச்சு வெச்சுக்கோங்க. இது இல்லன்னா இன்னைக்கு வேலையே பண்ணக்கூடாதுங்கிறது ஒண்ணு, அதாவது சிரிஞ்சு, கிளவுஸ், ஹேண்ட் ரப், ஊசி டப்பா. ரெண்டு நாள் சமாளிக்கலாம்ங்கிறது ரெண்டாவது. இருந்தா நல்லதுங்கிறது மூணாவது. காசு இறுக்கமா இருக்கிற மாசத்துல வெட்டணும்னா மூணாவதுல வெட்டுங்க. நிறைய இடத்துல தலைகீழா நடக்குது, ரிசப்ஷனுக்கு ரூம் ஸ்பிரே வருது, ஊசி டப்பாவுக்கு பதிலா பழைய தண்ணி பாட்டில்.

எவ்வளவு வாங்கணும், எப்போ ஆர்டர் போடணும்? நான் குத்துமதிப்பாதான் போடுறேன்.

ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான். ஒரு நாலு வாரம் மட்டும் தினமும் சாயங்காலம் எண்ணி எழுதுங்க, அதுக்கப்புறம் குத்துமதிப்பு தேவைப்படாது. உதாரணத்துக்கு ஒரு நாளைக்கு 25 ஜோடி கிளவுஸ் போகுதுன்னு வெச்சுக்குவோம், அது 50 எண்ணம், 100 எண்ணம் இருக்கிற பெட்டியில பாதி. சர்ஜிகல்ஸ் கடைக்கு சொன்னா சரக்கு வர நாலு நாள் ஆகும்னா அந்த நாலு நாளுக்கு ரெண்டு பெட்டி. அதோட ஒரு வாரத்துக்கு, அதாவது வேலை நாள் ஆறுக்கு, கைகாவலா மூணு பெட்டி. ஆக அஞ்சு பெட்டி. பீரோவுல கடைசியில இருந்து எண்ணி அஞ்சாவது பெட்டியில சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சுடுங்க, அதை எவ எடுக்கிறாளோ அவ அன்னைக்கே ஆர்டர் நோட்டுல எழுதணும், அவ்வளவுதான் சிஸ்டம். கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம்.

மழை சீசன்ல டெங்கு, காய்ச்சல்னு கூட்டம் ஏறும், அப்போ பழைய கணக்கு ஓடாது. ஐப்பசி பிறக்கும்போதே கைகாவலை ரெண்டு மடங்காக்கிடுங்க. தீபாவளி, பொங்கல் வாரத்துல லாரி ஓடாது, டீலர் போன் எடுக்க மாட்டார், அதையும் கணக்குல சேருங்க.

மொத்தமா பெரிய பேக்கா வாங்குனா காசு மிச்சம்தானே?

எனக்கு இதுதான் எல்லாத்துலயும் முக்கியமான கேள்வி, ஏன்னா கிளினிக்ல பாதி தப்பு வாங்குற இடத்துலயே ஆரம்பிச்சுடுது. கிளவுஸ், பேண்டேஜ், பேப்பர் டவல் மொத்தமா வாங்குங்க, தப்பே இல்ல. ஆனா திறந்து வெச்சா கெட்டுப்போற எதையும் பெருசா வாங்காதீங்க. சலைன், மயக்க மருந்து வயல் (ரப்பர் மூடி போட்ட சின்ன பாட்டில்), சோப்பு, ஆன்டிசெப்டிக், இதெல்லாம் எவ்வளவு சின்னதா கிடைக்குமோ அவ்வளவு சின்னதா.

ஏன்னு சொல்றேன். 2023-ல வாணியம்பாடியில ஒரு பல் கிளினிக் சம்பந்தப்பட்ட விஷயம் பலருக்கு நியாபகம் இருக்கும். அங்க சிகிச்சைக்கு போன பத்து பேருக்கு மெலியாய்டோசிஸ்னு ஒரு நோய் வந்து, மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிற அதோட கிருமி மூளை வரைக்கும் ஏறி எட்டு பேர் செத்துட்டாங்க. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியும் ஐசிஎம்ஆர்ங்கிற மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பும் சேந்து விசாரிச்சதுல வந்து நின்னது ஒரு சலைன் பாட்டில்கிட்ட. சுத்தம் பண்ணாத ஒரு பல் வைத்திய கருவியால பாட்டிலை திறந்து, லேசா மூடி வெச்சு, அதே சலைனை அடுத்தடுத்த ஆளுக்கு ஊத்தியிருக்காங்க.

இதுல எனக்கு உறைக்கிறது என்னன்னா, அந்த மாதிரி பாட்டில் வைக்காத கிளினிக் எத்தனை இருக்கு சொல்லுங்க? 500 மில்லி பாட்டிலை திறந்தா ஒரு புண்ணு கழுவ 50 மில்லி போதும், மீதி 450-ஐ கீழ ஊத்த யாருக்கும் மனசு வராது, வீட்டுல சோத்துக்கஞ்சியை கூட கொட்டாம வளந்தவங்க நாம. அதனால மூடி வைப்போம், மறுபடி ஊத்துவோம். சிஸ்டரை திட்டி பிரயோஜனம் இல்ல, பாட்டில் சைஸை மாத்துங்க. 100 மில்லி பாட்டில் வாங்குனா ஒரு ஆளுக்கு ஒண்ணு, மிச்சம் இருக்கிறதை கொட்டினாலும் வலிக்காது. ஒரு மில்லிக்கு கணக்கு பாத்தா விலை கூடத்தான். இருக்கட்டும். அந்த கூடுதல் காசுக்கு நாம வாங்குறது சலைன் இல்ல, மீதியே இல்லாத பாட்டிலை.

ஊசிக்குள்ள மருந்து கலக்கவும் அந்த பெரிய பாட்டில்ல இருந்து உறிஞ்சி எடுக்குற வழக்கம் இருக்கு. அது இன்னும் மோசம். அதுக்கு 5 மில்லி, 10 மில்லி ஆம்பியூல், அதாவது உடைச்சு ஒரே தடவைக்கு எடுக்குற சின்ன குப்பி, தனியா வருது.

மரத்துப்போக போடுற லிக்னோகெயின் 30 மில்லி வயல்? அது பல தடவை எடுக்கத்தானே குடுத்திருக்காங்க?

ஆமா, அதுல கிருமி வளராம இருக்க மருந்து சேத்திருப்பாங்க, லேபிள்ல மல்டி டோஸ்னு போட்டிருந்தா பல தடவை எடுக்கலாம். ஆனா மூணு விஷயம். திறந்த தேதியை மார்க்கர்ல எழுதணும், தேதி இல்லாத வயல் அனாதை, தூக்கிப் போடுங்க. திறந்து 28 நாளுக்கு மேல வைக்காதீங்க, லேபிள்ல அதைவிட கம்மியா போட்டிருந்தா அதுதான் கணக்கு. மூணாவது, ரப்பர் மூடியில ஒரு நீடிலை குத்தி அப்படியே விட்டு வெச்சு சிரிஞ்சை மட்டும் மாத்தி மாத்தி எடுக்கிற வேலை கூடவே கூடாது, அந்த நீடில் ஓட்டை வழியா காத்தும் கிருமியும் நேரா உள்ள போகும். ஒவ்வொரு தடவையும் புது நீடில், புது சிரிஞ்சு, மூடியை ஸ்பிரிட்டால துடைச்சு காய விட்டுட்டு.

நீடிலை மாத்திட்டோமே, சிரிஞ்சு அதே இருந்தா என்னன்னு கேக்குற ஆளுங்க இன்னும் இருக்காங்க. ரத்தம் நீடிலோட நின்னுடாது, சிரிஞ்சுக்குள்ளயும் வரும், கண்ணுக்கு தெரியாது. 2009-ல குஜராத் மொடாசாவுல மஞ்சள் காமாலை பி, அதாவது ஹெபடைடிஸ் பி, அப்படித்தான் பரவுச்சு, 2019-ல பாகிஸ்தான் ரத்தோதெரோவுல நூத்துக்கணக்கான குழந்தைங்களுக்கு எச்ஐவி வந்ததுக்கும் சிரிஞ்சை திரும்ப பயன்படுத்துனதை முக்கிய காரணமா சொன்னாங்க. மாசக் கடைசியில ரிஜிஸ்டர்ல எத்தனை ஊசி போட்டீங்கன்னு எண்ணி, எத்தனை சிரிஞ்சு செலவாச்சுன்னு பக்கத்துல எழுதுங்க. சிரிஞ்சு எண்ணிக்கை கம்மியா இருந்துச்சுன்னா அது மிச்சம் பிடிச்ச சந்தோஷம் இல்ல.

ஸ்டீல் டப்பாவுல பஞ்சை ஸ்பிரிட்ல ஊற வெச்சு எடுக்கிறோம், அதுலயும் தப்பா?

தப்புதான், கோவிச்சுக்காதீங்க. நம்ம ஊர்ல ஊசி ரூம்னாலே அந்த டப்பாதான் நினைப்புக்கு வரும், ஆனா ஊற வெச்ச பஞ்சை ஒரே டப்பாவுல வெச்சு பல பேருக்கு எடுக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. கை போட்டு போட்டு எடுக்கிறோம், மூடி பாதி நேரம் திறந்து கிடக்கு, ஸ்பிரிட் ஆவியாகி தண்ணிதான் மிஞ்சுது, சாயங்காலம் பாத்தா அது ஈரப் பஞ்சு, அவ்வளவுதான். தனித்தனி பாக்கெட்ல வர்ற ஸ்வாப் வாங்குங்க. அது கட்டுப்படி ஆகலன்னா காஞ்ச பஞ்சு உருண்டையை மூடி போட்ட டப்பாவுல வெச்சு, ஊசி போடும்போது மட்டும் ஸ்பிரிட்டை அதுமேல ஊத்தி நனைச்சுக்கோங்க. தடவிட்டு காய விடணும், ஊதி காய வைக்கக்கூடாது.

இன்னொண்ணு, 99 சதவீத ஸ்பிரிட் 70-ஐ விட வீரியம்னு நினைச்சு வாங்கிடாதீங்க. கிருமியோட புரதத்தை உடைக்க கொஞ்சம் தண்ணி வேணும், அதனால 60-லிருந்து 80 வரைக்கும் இருக்கிறதுதான் நல்லா வேலை செய்யும்.

ஹேண்ட் ரப் பாட்டில் காலியாக காலியாக 5 லிட்டர் கேன்ல இருந்து மேல ஊத்திக்கிறோம்...

மேல ஊத்தாதீங்க. பாட்டில் முழுசா தீரட்டும், கழுவி நல்லா காய வெச்சு அப்புறம் ஊத்துங்க, ஊத்துன தேதி எழுதுங்க. லிக்விட் சோப்புக்கு இது இன்னும் முக்கியம், அடியில இருக்கிற பழைய சோப்புல சூடோமோனாஸ் மாதிரி கிருமிங்க குடியிருந்து, நீங்க ஊத்துற புது சோப்பையும் சேத்து கெடுக்கும், அப்புறம் கை கழுவுறவங்க கையில கிருமியைத்தான் தடவிக்கிறாங்க. முடிஞ்சா கேனே வாங்காம அரை லிட்டர் பாட்டிலா வாங்கிடுங்க, நான் சொன்ன அதே பெரிய பேக் வியாதிதான் இங்கயும்.

நாமளே தயாரிக்கலாமான்னு கொரோனா சமயத்துல நிறைய பேர் கேட்டாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட பார்முலா இருக்கு, எத்தனால் 80 சதவீதம், கிளிசரால் 1.45, ஹைட்ரஜன் பெராக்சைடு 0.125, கலந்துட்டு 72 மணி நேரம் தொடாம வைக்கணும். ஆனா சுத்தமான ஆல்கஹால், அளக்கிற சாமான், தீ பாதுகாப்புன்னு நிறைய இருக்கு, லைசென்ஸ் விஷயமும் இருக்கு, சின்ன கிளினிக் இதுல இறங்க வேண்டாம்.

தீன்னு சொன்னதும் நியாபகம் வருது. ஸ்பிரிட்டையும் ஹேண்ட் ரப்பையும் சாமி படத்துக்கு கீழ இருக்கிற ஷெல்ப்ல வைக்கிற கிளினிக்கை நான் பாத்திருக்கேன். மேல விளக்கு எரியுது, கீழ அஞ்சு லிட்டர் ஆல்கஹால்.

ஹேண்ட் ரப் ஒரு மாசத்துக்கு எவ்வளவு செலவாகணும்?

நல்ல கேள்வி, யாரும் கேக்காத கேள்வி. ஒரு தடவை கையில சரியா தேய்க்க கிட்டத்தட்ட 3 மில்லி வேணும், 20-லிருந்து 30 செகண்ட் தேய்க்கணும். ஒரு டாக்டர் ஒரு நாளைக்கு 60 பேரை பாக்குறார், ஆளுக்கு ஒரு தடவைன்னே வைங்க, 180 மில்லி. அரை லிட்டர் பாட்டில் மூணு நாள் வராது. உங்க டாக்டர் மேஜையில அந்த பாட்டில் எத்தனை நாளா இருக்குன்னு பாருங்க! ஒரே பாட்டில் ரெண்டு மாசமா நிக்குதுன்னா ஸ்டாக் நோட்டுல சிக்கனம்னு தெரியும், உண்மையில யாரும் கையை கழுவலன்னு அர்த்தம். நான் இதை எங்க டாக்டர்கிட்ட நேரா சொல்லல, பாட்டில்ல வெச்ச தேதியை மட்டும் அவர் பாக்குற பக்கமா திருப்பி வெச்சேன். அடுத்த வாரம் அவரே கேட்டார், புது பாட்டில் எங்கன்னு.

கையில ரத்தமோ சீழோ அழுக்கோ கண்ணுக்கு தெரிஞ்சா ஹேண்ட் ரப் ஆகாது, சோப்பு தண்ணிதான், 40-லிருந்து 60 செகண்ட்.

கிளவுஸை கழுவி காய வெச்சு மறுபடி போடலாமா?

எக்ஸாமினேஷன் கிளவுஸா? கூடாது. கழுவுனா கண்ணுக்கு தெரியாத ஓட்டை விழும். அதுமேலயே ஹேண்ட் ரப் தேய்ச்சுக்கிட்டு அடுத்த பேஷண்டை தொடுறதும் அதே கதைதான். ஆனா இதோட மறுபக்கமும் இருக்கு, கிளவுஸ் தேவையே இல்லாத இடத்துல போட்டு வீணாக்குறது. பிபி பாக்க, தெர்மாமீட்டர் வைக்க, சாதாரணமா தோள்ல தடுப்பூசி போட கிளவுஸ் வேண்டாம், சுத்தமான கை போதும். ரத்தம் எடுக்க, புண்ணு தொட, வாய்க்குள்ள கை விட, கருவி கழுவ கண்டிப்பா வேணும். இதை மட்டும் சுவத்துல எழுதி ஒட்டுனாலே கிளவுஸ் செலவு கணிசமா குறையும், அந்த காசுல தனி பாக்கெட் ஸ்வாப் வாங்கிடலாம்.

கருவி கழுவுற ஆயாம்மாவுக்கு மெல்லிசு கிளவுஸ் குடுக்காதீங்க, தடிமனான ரப்பர் கிளவுஸ் வேணும், அதை கழுவி திரும்ப போட்டுக்கலாம். பவுடர் போட்டது வாங்காதீங்க, அமெரிக்காவுல 2017-லயே தடை பண்ணிட்டாங்க. யாருக்காவது லேடெக்ஸ் போட்டா கை அரிச்சு தடிச்சா அவங்களுக்குன்னு லேடெக்ஸ் இல்லாத நைட்ரைல் கிளவுஸ் ரெண்டு பெட்டி தனியா வைங்க. சைஸும் பாருங்க, எல்லாம் மீடியம் வாங்கி வெச்சா சின்னக் கை இருக்கிற பொண்ணு கிளவுஸ் இல்லாமலே ரத்தம் எடுப்பா, நரம்பு தட்டுப்படலன்னு சொல்லி.

ஹைப்போ எப்படி கலக்கணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு அளவு சொல்றாங்க.

ஒவ்வொரு அளவு வர்றதுக்கு காரணம் கேன்ல இருக்கிற சதவீதம் வேற வேற. 5 சதவீதமும் கிடைக்கும், 10 சதவீதமும் கிடைக்கும். கணக்கு சிம்பிள்: கேன்ல இருக்கிற சதவீதத்தை உங்களுக்கு வேண்டிய சதவீதத்தால வகுத்து ஒண்ணை கழிங்க, அத்தனை பங்கு தண்ணி. ரத்தம் கொட்டுன இடத்துக்கு 1 சதவீதம் வேணும், கேன் 5 சதவீதம்னா 5-ஐ 1-ஆல வகுத்தா 5, ஒண்ணு போக 4, அதாவது ஒரு பங்கு ஹைப்போ நாலு பங்கு தண்ணி. கேன் 10 சதவீதம்னா ஒன்பது பங்கு தண்ணி. இதை தெரியாம ஒரே மக்குல அளந்து ஊத்துற இடத்துல டீலர் கேனை மாத்தி அனுப்புன மாசமே கலவை பாதியாவோ ரெண்டு மடங்காவோ போயிடும், ஒருத்தருக்கும் தெரியாது. அதனால புது கேன் வந்ததும் சதவீதத்தை பெருசா எழுதி ஒட்டுங்க.

கலந்தது அன்னைக்கு மட்டும்தான். அடுத்த நாள் காலையில கொட்டிட்டு புதுசு. கேனையும் வெயில் படுற ஜன்னலோரம், மொட்டை மாடி ரூம்ல வைக்காதீங்க, வெளிச்சத்துலயும் சூட்டுலயும் குளோரின் போயிக்கிட்டே இருக்கும், நம்ம சித்திரை வெயில்ல கேட்கவே வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஸ்டாக் வாங்கி வெச்சு கடைசி கேனை திறக்கும்போது மஞ்சத் தண்ணியைத்தான் தரையில தெளிச்சுக்கிட்டிருப்பீங்க. ரெண்டு மாசத்துக்கு மேல வாங்காதீங்கன்னு நான் சொல்லுவேன்.

ரத்தம் கொட்டுனா முதல்ல பேப்பரோ பழைய துணியோ போட்டு மூடி, அதுமேல 1 சதவீதத்தை ஊத்தி பத்து நிமிஷமாவது விட்டுட்டு துடைங்க. ஸ்பிரே அடிக்காதீங்க. கத்தரிக்கோல், ஃபோர்செப்ஸை (இடுக்கி) மணிக்கணக்கா அதுல ஊறப் போட்டா துரு பிடிக்கும். முக்கியமா பாத்ரூம் கழுவுற ஆசிடோட ஹைப்போவை சேக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சு அடைச்சுடும். ஆயாம்மா ரெண்டையும் கலந்தா நல்லா பளிச்சுன்னு ஆகும்னு நினைப்பாங்க, அவங்ககிட்ட உக்காந்து சொல்லுங்க, சுவத்துல ஒட்டுன பேப்பரை அவங்க படிக்கப் போறதில்ல.

ஆட்டோகிளேவ் டேப்ல கோடு கருப்பாயிடுச்சு, அப்போ ஸ்டெரைல்தானே?

இல்ல. அந்த கோடு சூட்டுக்குள்ள போயிட்டு வந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும், பஸ் டிக்கெட் மாதிரி. ஏறுனது தெரியும், ஊர் போய் சேந்தாங்களான்னு தெரியாது. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், துணி சுத்துன பேக்னா 30 நிமிஷம், அதுவும் சூடு ஏறி முடிச்சதுக்கு அப்புறம் எண்ணணும், சுவிட்ச் போட்ட நேரத்துல இருந்து இல்ல. நடுவுல கரண்ட் போச்சுன்னா திரும்ப முதல்ல இருந்து. பேக்குக்குள்ள வைக்கிற இண்டிகேட்டர் ஸ்ட்ரிப் தனியா கிடைக்கும், வாரம் ஒரு தடவை ஸ்போர் டெஸ்ட், அதாவது சூட்டுக்கு லேசுல சாகாத ஒரு பாக்டீரியாவோட விதையை உள்ள வெச்சு அது செத்துச்சான்னு பாக்குறது. சின்ன கிளினிக்ல வாரா வாரம் முடியலன்னா கூட ரிப்பேர் பண்ணதுக்கு அப்புறமாவது கண்டிப்பா பண்ணிடுங்க.

ஈரமா வெளிய வர்ற பேக் ஸ்டெரைல் இல்ல, ஈரத்து வழியா கிருமி உள்ள ஏறிடும். போர் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு சூடு பண்ற காயில் கெட்டுப் போயிடும், டிஸ்டில்டு வாட்டர் கேனையும் ஸ்டாக் லிஸ்ட்ல சேருங்க. இதை யாருமே லிஸ்ட்ல சேக்குறதில்ல, அப்புறம் அந்த காசை மெக்கானிக்குக்கு குடுக்குறாங்க.

கத்தரிக்கோலை சேவ்லான்லயோ டெட்டால்லயோ போட்டு வைக்கலாமா?

அதெல்லாம் தோலுக்கு. கருவியை ஸ்டெரைல் பண்ணாது. அதே மாதிரி ஒரு உயரமான பாட்டில்ல ஆன்டிசெப்டிக் ஊத்தி சீட்டில் ஃபோர்செப்ஸை, அதாவது ஸ்டெரைல் சாமானை எடுக்குற நீட்டு இடுக்கியை, நட்டு வைக்கிறோமே, நர்சிங் படிக்கும்போதே பாத்து பழகுனது, அந்த தண்ணிக்குள்ளயே கிருமி வளரும். ஃபோர்செப்ஸை ஆட்டோகிளேவ் பண்ணி காஞ்ச பாட்டில்ல வைங்க, ஷிப்ட்டுக்கு ஒண்ணு மாத்துங்க. இன்னும் நல்லது, டிரெஸ்ஸிங் செட்டை ஒரு ஆளுக்கு ஒரு பேக்னு கட்டிட்டா அந்த ஃபோர்செப்ஸே வேண்டாம்.

மாஸ்க் எவ்வளவு வெச்சுக்கணும்?

2020 மார்ச்ல மாஸ்க்கும் சானிடைசரும் கிடைக்காம போய் மத்திய அரசு அத்தியாவசியப் பொருள் சட்டத்துல சேத்து, மூணு லேயர் மாஸ்க்குக்கு 10 ரூபா, 200 மில்லி சானிடைசருக்கு 100 ரூபான்னு விலையே கட்டி வெச்சாங்க. அந்த பயத்துல வாங்கி குவிச்ச பெட்டி சில இடத்துல இன்னும் இருக்கு, எலாஸ்டிக் தொங்கிப்போய். என்95 மூஞ்சியில இறுக்கமா உக்காந்தாதான் என்95, இல்லன்னா அது விலை கூடுன கைக்குட்டை. டிபி சந்தேகம் இருக்கிற பேஷண்ட் வந்தா அவருக்கு சாதா மாஸ்க், நமக்கு என்95, ஜன்னலை நல்லா திறந்து வைங்க. ஏசி ரூம்ல ஜன்னலை அடைச்சுட்டு மாஸ்க்கை மட்டும் நம்பாதீங்க.

எக்ஸ்பைரி ஆகி ஆகி வீணாகுது, என்ன பண்றது?

முதல்ல வந்ததை முதல்ல எடுக்கிறது இல்ல, முதல்ல காலாவதி ஆகப்போறதை முதல்ல எடுக்கணும். டீலர் சில சமயம் தேதி கிட்டத்துல இருக்கிற சரக்கை தள்ளி விடுவார், புதுசா வந்த பெட்டியிலதான் பழைய தேதி இருக்கும். அதனால டெலிவரி பையன் நிக்கும்போதே தேதி பாருங்க, ஆறு மாசத்துக்குள்ள முடியிறதை வாங்காதீங்க. ஒரு தடவை ஒரு டீலர்கிட்ட இருந்து வந்த காஸ் பேக்ல தேதி ஸ்டிக்கருக்கு கீழ இன்னொரு ஸ்டிக்கர் இருந்துச்சு, உரிச்சு பாத்தா பழைய தேதி. அன்னைக்கோட அவருக்கு கும்பிடு போட்டாச்சு.

பீரோவுல கீழ் தட்டு தரையில இருந்து ஒரு சாணுக்கு மேல இருக்கட்டும், சுவத்தோட ஒட்டி அடுக்காதீங்க, மழைக்காலத்துல ஓதம் ஏறி ஸ்டெரைல் பேக்கெல்லாம் நமத்துப் போயிடும். வாஷ் பேசின் அடியில எதையும் வைக்கவே வேண்டாம். கிழிஞ்ச, நனைஞ்ச, கீழ விழுந்து பிரிஞ்ச பேக்குக்கு தேதி இருந்தாலும் அது செத்த சரக்குதான்.

குப்பை பைக்கும் கணக்கு வெச்சுக்கணுமா?

ஆமாங்க, பை தீந்துட்டா எல்லாம் ஒரே வாளிக்குள்ள போயிடும். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் பட்ட பஞ்சு, கட்டு, காலாவதி மருந்து மஞ்சள்ல. கிளவுஸ், ஐவி டியூப், நீடில் எடுத்த சிரிஞ்சு சிவப்புல. நீடில், பிளேடு, லான்செட் (விரல்ல குத்தி ரத்தம் எடுக்குற ஊசி), இதெல்லாம் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுல. கண்ணாடி வயல், ஆம்பியூல் நீலத்துல. முக்கால்வாசி நிறைஞ்சதும் கட்டணும், 48 மணி நேரத்துக்கு மேல கிளினிக்ல வைக்கக்கூடாது. பெட் இல்லாத கிளினிக்குக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துல அனுமதி ஒரு தடவை வாங்குனா போதும், ஆனா வருஷா வருஷம் ஜூன் 30-க்குள்ள ரிப்போர்ட் குடுக்கணும். குப்பை வண்டி எடுத்துட்டு போன எடை சீட்டை எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சா அந்த நேரத்துல தலையை பிச்சுக்க வேண்டாம்.

யாருக்காவது ஊசி குத்திடுச்சுன்னா?

சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவுங்க, பிதுக்காதீங்க, ஸ்பிரிட் ஹைப்போ ஊத்தாதீங்க. உடனே பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு போகணும், எச்ஐவி தடுப்பு மாத்திரை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது, 72 மணி நேரம் தாண்டிட்டா பிரயோஜனம் இல்ல. எந்த ஆஸ்பத்திரி, யாருக்கு போன் பண்ணணும்னு ஊசி ரூம் சுவத்துல இன்னைக்கே எழுதி வைங்க, குத்துன அன்னைக்கு தேடக்கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ், 0, 1, 6 மாசக் கணக்கு, சிஸ்டருக்கு மட்டும் இல்ல, குப்பை எடுக்கிற ஆயாம்மாவுக்கும். அவங்களுக்குத்தான் அதிகமா குத்துது, அவங்க பேருதான் லிஸ்ட்ல இருக்காது.

நீடிலுக்கு மூடி போட முயற்சி பண்ணும்போதுதான் நிறைய பேருக்கு குத்துது. டப்பா நாலடி தள்ளி மூலையில இருந்தா யாரா இருந்தாலும் மூடித்தான் எடுத்துட்டு போவாங்க. டப்பாவை கை எட்டுற தூரத்துல, ட்ரே பக்கத்துலயே வைங்க.

நான் லீவுல போனா ஸ்டாக் யாரு பாப்பா?

இதுக்குத்தான் சிவப்பு ஸ்டிக்கர். சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கணும், சாவி ஒருத்தியோட ஹேண்ட்பேக்ல ஊருக்கு போயிட்டா அன்னைக்கு பூரா கிளவுஸ் இல்லாம ஓடும். எங்க கிளினிக்ல ஒரு தடவை அப்படி ஓடியிருக்கு, சாவி என் பையிலதான் இருந்துச்சு, நான் மதுரை பஸ்ல இருந்தேன். அதுக்கப்புறம் ஊசி ரூம்ல பூட்டு இல்லாத ஒரு சின்ன டிராயர் வெச்சு, அதுல மூணு நாள் சாமான் எப்பவும் இருக்கிற மாதிரி பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை நிரப்புறது மட்டும் யாரு பேருன்னு நோட்டுல மாசாமாசம் மாத்தி எழுதுறோம்.